அக்டோபர்ல சொதப்பினா சின்ன பிட்சரா? வாசகர் கேள்வி பதில்

பேஸ்பால்ல ரெகுலர் சீசன் முடிஞ்சதும் அக்டோபர்ல ப்ளேஆஃப், அதோட கடைசிச் சுற்று வேர்ல்டு சீரிஸ், அதுல நாலு கேம் ஜெயிச்சா கப். 2025 வேர்ல்டு சீரிஸ் முடிஞ்ச கையோட வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி பிட்சருங்களை, அதாவது பால் போடறவங்களைப் பத்திதான். அதனால இந்த தடவை வேற எதையும் தொடல, முழுசா இதுக்கே குடுத்துட்டேன்.

டல்லஸ் வாசகர்: லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பிட்சர் கெர்ஷா எங்க ஊர்ப்பக்கத்துப் பையன், ரிட்டயரும் ஆயிட்டாரு. ஆனா ஆபீஸ்ல பேச்செடுத்தாலே "ரெகுலர் சீசன்ல புலி, ப்ளேஆஃப்ல எலி"ங்கறாங்க. நம்பர் பாத்தா எனக்கும் பதில் சொல்ல வரல. நீங்க என்ன சொல்றீங்க?

நம்பரை முதல்ல வெச்சிடுவோம், மறைக்க ஒண்ணும் இல்ல. கிளேட்டன் கெர்ஷாவோட ரெகுலர் சீசன் ஈ.ஆர்.ஏ. 2.53, அதாவது 9 இன்னிங்ஸுக்கு, ஒரு முழு கேமுக்கு, சராசரியா ரெண்டரை ரன்தான் குடுத்திருக்காரு, அதுவும் 18 சீசன் ஆடி. ப்ளேஆஃப்ல அதே ஆளோட ஈ.ஆர்.ஏ. நாலரைக்கு மேல. மூணு தடவை சை யங் அவார்டு (வருஷத்தோட சிறந்த பிட்சருக்கு), 2014ல எம்.வி.பி. (லீக்கோட சிறந்த ஆட்டக்காரர்), 3000 ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை வெளியேத்தறது)னு இருக்கற ஒருத்தருக்கு இது பெரிய இறக்கம்தான். கெர்ஷா ரசிகர்கள் "அது சும்மா லக்"குனு தள்ளிவிடறதை நான் ஒத்துக்க மாட்டேன். ப்ளேஆஃப்ல மட்டும் அவரு 200 இன்னிங்ஸ் பக்கத்துல போட்டிருக்காரு, ஒரு முழு சீசன் அளவு அது.

ஆனா எலின்னு சொல்றவங்க ஒரு கேமையாவது இன்னிங்ஸ் இன்னிங்ஸா உக்காந்து பாத்திருக்காங்களான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. 2014 அக்டோபர், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிரா முதல் கேம். ஆறு இன்னிங்ஸ் வரைக்கும் ரெண்டே ரன், அதுவும் ரெண்டு சோலோ ஹோம் ரன்ல (பேஸ்ல ஆளில்லாதப்ப வேலிக்கு வெளிய அடிச்சது) வந்தது, டாட்ஜர்ஸ் 6-2னு முன்னாடி இருக்காங்க. ஏழாவது இன்னிங்ஸ்ல வரிசையா சிங்கிள் சிங்கிளா (ஒரு பேஸ் ஹிட்) விழுது, மேனேஜர் அசையவே இல்ல, கடைசியில மேட் கார்ப்பென்டர் பேஸ்ல இருந்த மூணு பேரையும் உள்ள கூட்டிட்டு வர்ற மாதிரி ஒரு டபுள் (ரெண்டு பேஸ் ஹிட்) அடிச்சாரு, முடிஞ்சது கதை. அந்த கேம்ல கெர்ஷா கணக்குல 8 ரன், கூடவே 10 ஸ்ட்ரைக் அவுட். அதே சீரிஸ் நாலாவது கேம்ல மூணே நாள் ரெஸ்ட்ல இறங்கறாரு, வழக்கமா நாலு நாளாவது குடுப்பாங்க. ஆறு இன்னிங்ஸ் ரன்னே குடுக்கல, 2-0 லீட். மறுபடியும் அதே ஏழாவது, மேட் ஆடம்ஸ் மூணு ரன் ஹோம் ரன், 3-2 தோல்வி, சீரிஸே போச்சு.

ரெண்டு கேம்லயும் ஆறு இன்னிங்ஸோட அவரை வெளிய எடுத்திருந்தா இன்னிக்கு நாம இந்தப் பேச்சே பேசமாட்டோம். அப்போ டாட்ஜர்ஸ் புல்பென் மேல, அதாவது பாதியில மாத்தி எறக்கற ரிலீவருங்க மேல, யாருக்கும் நம்பிக்கை இல்ல, அதனால சோர்ந்துபோன கெர்ஷாவே வரப்போற ரிலீவரை விட மேல்னு விட்டு வெச்சாங்க, வருஷா வருஷம் அதேதான் நடந்துச்சு. எல்லாத்தையும் நல்லா செய்யறவன் தலையிலதான் எல்லா பாரமும் வந்து விழும், அதுதான் அவருக்கு நடந்துச்சு.

இன்னொரு விஷயம் ஈ.ஆர்.ஏ. கணக்குலயே ஒளிஞ்சிருக்கு. ஒரு பிட்சர் பேஸ்ல ஆளை விட்டுட்டு வெளிய போனா, அடுத்து வர்றவர் அடி வாங்கி அந்த ஆளுங்க ரன் எடுத்தாலும் ரன் முதல் பிட்சர் பேர்லதான் ஏறும். 2017 வேர்ல்டு சீரிஸ் அஞ்சாவது கேம், ஹூஸ்டன்ல, 13-12னு முடிஞ்ச அந்தப் பைத்தியக்கார கேமை எடுத்துக்குங்க. கெர்ஷா 4-0 லீடை விட்டாரு, ஹூஸ்டனோட குரியல் மூணு ரன் ஹோம் ரன் அடிச்சாரு, அது முழுக்க அவர் தப்புதான். டீம் திரும்ப 7-4 ஆக்கிக் குடுத்துச்சு, அஞ்சாவது இன்னிங்ஸ்ல ரெண்டு அவுட்டுக்கு அப்புறம் ரெண்டு பேரை வாக் (நாலு பால் தப்பா போட்டு சும்மா முதல் பேஸ் குடுக்கறது) விட்டாரு, அதுவும் அவர் தப்புதான். ஆனா ரிலீவர் மயேடா வந்து ஹூஸ்டன் பேட்டர் அல்டுவேகிட்ட மூணு ரன் ஹோம் ரன் வாங்கினாரு, அதுல ரெண்டு ரன் கெர்ஷா கணக்கு. அந்த சீசன்ல ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் சொந்த மைதானத்துல கேமரா வெச்சு கேட்சரோட சைகையைப் பாத்து, குப்பைத்தொட்டியைத் தட்டி பேட்டருக்கு என்ன பால் வருதுன்னு சொன்னாங்கன்னு 2020 ஜனவரியில லீக்கே விசாரிச்சு அறிவிச்சுது, 50 லட்சம் டாலர் அபராதம் போட்டுது. அந்த ஒரு கேமை வெச்சு கெர்ஷாவுக்கு தைரியம் இல்லன்னு சொல்றவங்க மேல எனக்கு நிஜமாவே கோவம் வருது. அதே சீரிஸ்ல லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்த முதல் கேம்ல 7 இன்னிங்ஸ், 1 ரன், 11 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக்கும் இல்ல, அதை யாரும் சொல்றதில்ல பாருங்க.

சாக்கு சொல்ல முடியாத கேமும் இருக்கு, அதையும் சொல்லணும். 2013ல கார்டினல்ஸ்கிட்ட 9-0னு தோத்த கேம்ல 7 ரன் குடுத்தாரு. 2023ல அரிசோனாகிட்ட ஒரே ஒரு அவுட் எடுக்கறதுக்குள்ள 6 ரன். 2019ல வாஷிங்டனுக்கு எதிரா அஞ்சாவது கேம்ல ரிலீவரா வந்து ஏழாவது இன்னிங்ஸை அழகா முடிச்சுக் குடுத்தாரு, எட்டாவதுல திரும்ப அனுப்பினாங்க, ரென்டான், சோட்டோ ரெண்டு பேரும் அடுத்தடுத்த பால்ல ஹோம் ரன். திரும்ப அனுப்பினது மேனேஜர் தப்பு, அந்த ரெண்டு பாலும் கெர்ஷா தப்பு. ரெண்டையும் சேத்து சொன்னாதான் நியாயம்.

2020ல உங்க ஊர் பக்கத்துல ஆர்லிங்டன்லதான் வேர்ல்டு சீரிஸ் நடந்துச்சு, முதல் கேமும் அஞ்சாவது கேமும் கெர்ஷா ஜெயிச்சுக் குடுத்தாரு, கப்பும் வந்துச்சு. ஆபீஸ்ல கேட்டா இதைச் சொல்லுங்க: அவரு தலைமுறையில அவரை விட நல்ல ஸ்டார்ட்டர் (கேமை ஆரம்பிக்கற பிட்சர்) இல்ல, அக்டோபர் அவருகிட்ட இருந்து கொஞ்சம் எடுத்துக்கிச்சு, ஆனா அந்த இடத்தை எடுத்துக்கல.

சென்னை வாசகி: இப்பதான் பேஸ்பால் பாக்க ஆரம்பிச்சிருக்கேன். ஜெயிச்சது தோத்தது ரெண்டையும் பிட்சர் பேர்லயே எழுதறாங்களே, ப்ளேஆஃப்ல அதை வெச்சு மதிப்பிடலாமா?

வேண்டாங்க, அதைத் தொடவே தொடாதீங்க. சாண்டி கூஃபாக்ஸ்னு ஒரு இடது கை பிட்சர், டாட்ஜர்ஸ், 1950-60கள்ல ஆடினவரு. வேர்ல்டு சீரிஸ்ல மொத்தம் 57 இன்னிங்ஸ் போட்டு ஈ.ஆர்.ஏ. 0.95, ஒம்பது இன்னிங்ஸுக்கு ஒரு ரன் கூட முழுசா குடுக்கல. அவரோட வெற்றி தோல்வி கணக்கு என்ன தெரியுமா, 4 வெற்றி 3 தோல்வி. எப்படின்னா 1959ல ஒரே ஒரு ரன் குடுத்தாரு, அவர் டீம் அந்த ஒரு ரன்கூட அடிக்கல, 1-0. 1966ல ஒரே இன்னிங்ஸ்ல சென்டர் ஃபீல்டர் மூணு எரர் (ஃபீல்டிங் தப்பு) பண்ணாரு, டீம் ரன்னும் அடிக்கல. இதெல்லாம் அவர் பேர்ல தோல்வி. ஆனா 1965ல ஏழாவது கேம்ல ரெண்டே நாள் ரெஸ்ட்ல இறங்கி மினசோட்டாவை ஒரு ரன்கூட குடுக்காம 2-0னு ஷட் அவுட் பண்ணாரு, அதைப் பத்தி இன்னிக்கும் எழுதிக்கிட்டுதான் இருக்காங்க.

இன்னிக்கு நிலைமை இன்னும் மோசம், ஸ்டார்ட்டர் அஞ்சு இன்னிங்ஸ் முடிக்கலன்னா வெற்றியே அவர் பேர்ல வராது, ப்ளேஆஃப்ல அஞ்சு முடிக்க விடறதும் குறைஞ்சு போச்சு. நீங்க பாக்கவேண்டியது எத்தனை பேட்டரைச் சந்திச்சாரு, எந்த நிலைமையில உள்ள வந்தாரு, எத்தனை நாள் ரெஸ்ட்ல வந்தாரு, இந்த மூணுதான்.

சான் ஹோசே வாசகர்: எங்க சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் பம்கார்னரை விட்டுட்டு யாரைப் பத்தி பேசினாலும் எனக்கு ஒத்துக்காது. ப்ளேஆஃப் மட்டும் வெச்சா அவருதானே கெர்ஷாவை விட பெரியவரு?

ப்ளேஆஃப் மட்டும்னா ஆமா, இதுல தயக்கமே இல்ல. 2014ல மேடிசன் பம்கார்னர் செஞ்சது ஒரு மாசம் முழுக்க நடந்த அதிசயம். பிட்ஸ்பர்க்ல வைல்டு கார்டு (டிவிஷன் ஜெயிக்காதவங்க ப்ளேஆஃப்ல நுழையற வழி) கேம் ஷட் அவுட்ல ஆரம்பிச்சு அந்த ப்ளேஆஃப்ல மட்டும் 52 இன்னிங்ஸுக்கு மேல, ஈ.ஆர்.ஏ. 1.03. கான்சஸ் சிட்டிக்கு எதிரா வேர்ல்டு சீரிஸ் முதல் கேம் ஜெயிச்சாரு, அஞ்சாவது கேம்ல முழு 9 இன்னிங்ஸ் ஷட் அவுட், 117 பால். ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு ஏழாவது கேம்ல அஞ்சாவது இன்னிங்ஸ்ல புல்பென்ல இருந்து நடந்து வந்தாரு. ஒரு இன்னிங்ஸ் ரெண்டு இன்னிங்ஸ் போடுவாருன்னு எல்லாரும் நினைச்சிருக்க, கடைசி வரைக்கும் அவரேதான், 5 இன்னிங்ஸ் 68 பால் ரன் இல்ல, 3-2. ஒம்பதாவதுல ரெண்டு அவுட்டுக்கு அப்புறம் அலெக்ஸ் கார்டன் அடிச்சது அவுட்ஃபீல்டுல தப்பிப்போயி ஆள் மூணாவது பேஸ்ல வந்து நிக்கறாரு, டையாகற ரன் அது, அப்பவும் பம்கார்னர் முகத்துல ஒரு மாத்தமும் இல்ல, மேலயே ஏத்தி ஏத்தி போட்டு சால்வடார் பெரஸை உயரத் தூக்கி அடிக்கற பாப் அப்ல அவுட் ஆக்கினாரு. வேர்ல்டு சீரிஸ்ல அவரோட மொத்தக் கணக்கு 36 இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன், ஈ.ஆர்.ஏ. 0.25.

ஆனா உங்க கேள்வியில "மட்டும்"னு ஒண்ணு இருக்கு, அங்கதான் நான் நிக்கறேன். ரெகுலர் சீசன்ல பம்கார்னர் ஈ.ஆர்.ஏ. 3.47, சை யங் ஒண்ணும் இல்ல. ப்ளேஆஃப்ல அவர் போட்டது 100 இன்னிங்ஸை ஒட்டிதான், கெர்ஷா ரெகுலர் சீசன்ல போட்டது 2800க்கு மேல. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் டீமைத் தூக்கிட்டு வர ஆள் இல்லன்னா அக்டோபரே கிடையாது, ஜெயன்ட்ஸ் 2014ல வைல்டு கார்டுல தொத்திக்கிட்டு வந்தவங்கதான். ரெண்டு பேர்ல ஒருத்தரை 15 வருஷத்துக்கு எடுக்கணும்னா கெர்ஷா. ஒரு மாசத்துக்குன்னா உங்க ஆளு. இதுல உங்களுக்கு குறை ஒண்ணும் இல்லையே.

எடிசன் வாசகர்: 2020 வேர்ல்டு சீரிஸ் ஆறாவது கேம்ல, டாட்ஜர்ஸுக்கு எதிரா நல்லா போட்டுக்கிட்டிருந்த டாம்பா பே பிட்சர் பிளேக் ஸ்னெல்லை நடுவுல வெளிய எடுத்தது சரியா தப்பா? எங்க வீட்ல இன்னும் இந்த சண்டை ஓடுது.

தப்பு. ஏன் எடுத்தாங்கங்கறதுக்கு காரணம் இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன். ஒரு பேட்டர் ஒரே கேம்ல ஒரு பிட்சரை மூணாவது தடவை சந்திக்கும்போது நல்லா அடிப்பாரு, பால் எங்கருந்து வருது, எப்படி திரும்புதுன்னு கண்ணுக்குப் பழகிடும், இது பல வருஷ கணக்குல நிரூபிச்ச விஷயம். டாம்பா பே ரேஸ் அந்தக் கணக்கை நம்பி ஜெயிச்சு ஜெயிச்சுதான் வேர்ல்டு சீரிஸ் வரைக்கும் வந்தாங்க, காசும் கம்மி, ஸ்டாரும் கம்மி. அதனால மேனேஜர் கெவின் கேஷ் பயந்து எடுத்தாருன்னு சொல்றது அபாண்டம், சீசன் முழுக்க செஞ்சதையே அன்னிக்கும் செஞ்சாரு.

ஆனா அன்னிக்கு ஸ்னெல் போட்டது 73 பால்தான், 9 ஸ்ட்ரைக் அவுட், ரெண்டே ஹிட், 1-0 லீட். அடுத்து வரவேண்டிய மூணு பேரு பெட்ஸ், சீகர், டர்னர், அந்த மூணு பேரும் அன்னிக்கு அவருகிட்ட ஆளுக்கு ரெண்டு தடவை வந்து ஆறு தடவையும் ஸ்ட்ரைக் அவுட். கணக்கு சொல்றது எல்லா பிட்சரோட சராசரி, மவுண்ட்ல நிக்கறது ஒரே ஒரு ஆளு, அவரு அன்னிக்கு எப்படி போடறாருங்கறதும் கணக்குதானே. அதுவும் உள்ள வந்த ரிலீவர் நிக் ஆண்டர்சன் அந்த ப்ளேஆஃப்ல பல கேமா ஓய்ஞ்சு போயிதான் இருந்தாரு. பெட்ஸ் டபுள், கேட்சர் பிடிக்க முடியாத ஒரு வைல்டு பிட்ச், அடுத்த ரன், அஞ்சாறு நிமிஷத்துல 2-1, கடைசியில 3-1.

எனக்கு இதுல வருத்தம் என்னன்னா, இப்படி எடுத்து எடுத்து இனிமே பெரிய ப்ளேஆஃப் பெர்ஃபார்மன்ஸ்னு ஒண்ணு உருவாகவே இடம் இல்லாம போகுது. 2003ல பாஸ்டன் பெட்ரோ மார்ட்டினஸை எட்டாவது இன்னிங்ஸ்ல அளவுக்கு மீறி விட்டு வெச்சு 5-2 லீடைத் தொலைச்சாங்க, மேனேஜர் வேலையும் போச்சு. அந்த பயம் ஒரு பக்கம், ஸ்னெல் ஒரு பக்கம், நடுவுல கண்ணால பாத்து முடிவு பண்ற மேனேஜருக்குத்தான் நான் மார்க் போடுவேன்.

ஸ்கார்பரோ வாசகர்: நாங்கள் குடும்பமா டொரோன்டோ புளூ ஜேஸ் ரசிகர்கள். 1993க்குப் பிறகு இப்பதான் கப் வரப்போகுது எண்டு இருந்தம், டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோ ஒரு ஆள் வந்து எல்லாத்தையும் முடிச்சுப்போட்டார். உண்மையிலேயே அவர் அவ்வளவு பெரிய ஆளோ, இல்லாட்டி எங்களுக்கு நேரம் சரியில்லையோ?

உங்களுக்கு நேரமும் சரியில்லைதான், ஒம்பதாவது இன்னிங்ஸ்ல ரெண்டே அவுட் மிச்சம் இருக்கும்போது மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடிச்சு டை ஆக்குவாருன்னு யாரு எதிர்பாத்தா. ஆனா யமமோட்டோ செஞ்சது லக் இல்ல. 2025 சீரிஸ் ரெண்டாவது கேம்ல டொரோன்டோவுலயே முழு 9 இன்னிங்ஸ், கடைசி 20 பேட்டரை வரிசையா அவுட் ஆக்கினாரு. ஆறாவது கேம்ல 6 இன்னிங்ஸ், 96 பால். மறுநாள், கவனிங்க, மறுநாளே ஏழாவது கேம்ல ஒம்பதாவது இன்னிங்ஸ்ல ரெண்டு பேர் பேஸ்ல இருக்கும்போது வந்தாரு, வந்ததும் ஒருத்தரை பாலால அடிச்சு பேஸ் ஃபுல்லும் ஆக்கினாரு, அங்கிருந்து தப்பிச்சு 34 பால்ல 2 இன்னிங்ஸுக்கு மேல போட்டு, 11வது இன்னிங்ஸ்ல ஒரு டபுள் ப்ளேயோட (ஒரே பால்ல ரெண்டு அவுட்) முடிச்சாரு. ஒரே வேர்ல்டு சீரிஸ்ல மூணு வெற்றி, 2001ல ரேண்டி ஜான்சனுக்கு அப்புறம் இப்பதான்.

இதே யமமோட்டோ 2024ல தன்னோட முதல் ப்ளேஆஃப் கேம்ல சான் டியாகோகிட்ட மூணு இன்னிங்ஸ்ல 5 ரன் குடுத்தவரு. "325 மில்லியன் டாலர் குடுத்து வாங்கினீங்களே, பெரிய மேடைக்கு லாயக்கில்ல"ன்னு அன்னிக்கே தீர்ப்பு எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும். இன்னொரு பிட்சர் டேவிட் ப்ரைஸும் அப்படித்தான், ப்ளேஆஃப்ல 11 ஸ்டார்ட், ஒண்ணுகூட ஜெயிக்கல, அப்புறம் 2018ல ஹூஸ்டனை முடிச்சு வேர்ல்டு சீரிஸ்லயும் ரெண்டு கேம் ஜெயிச்சுக் குடுத்தாரு. பிட்சர் வெர்லாண்டருக்கு வேர்ல்டு சீரிஸ்ல முதல் வெற்றி வர 2022 ஆச்சு, அதுக்கு முன்னாடி ஆறு தோல்வி.

உங்களுக்கு ஆறுதலுக்காக சொல்லல, உங்க பிட்சர் ட்ரே யெசவேஜை நினைச்சுப் பாருங்க. அந்த வருஷ ஆரம்பத்துல மைனர் லீக்ல அடிமட்டத்துல இருந்த 22 வயசுப் பையன், டாட்ஜர் ஸ்டேடியத்துல அஞ்சாவது கேம்ல 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக் இல்ல. அந்தப் பையன் இன்னும் பல அக்டோபர் ஆடுவாரு.

சிகாகோ வாசகர்: ஒரே ஒரு கேமை வெச்சு ஹால் ஆஃப் ஃபேம்ல (பேஸ்பால் ஜாம்பவான்களோட கௌரவப் பட்டியல்) சேக்கலாமா?

டான் லார்சனை யாரும் சேக்கலையே. 1956ல வேர்ல்டு சீரிஸ்ல பெர்ஃபெக்ட் கேம் போட்டவரு, 27 பேர் வந்து 27 பேரும் அவுட், ப்ளேஆஃப் வரலாத்துல அது ஒண்ணுதான். மூணு நாள் முன்னாடி அதே சீரிஸ்ல ரெண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்காம போனவரும் அவருதான், கேரியர் கணக்கு 81 வெற்றி 91 தோல்வி.

நீங்க கேக்கறது ஜாக் மோரிஸைத்தான்னு தெரியுது. 1991 வேர்ல்டு சீரிஸ் ஏழாவது கேம்ல மினசோட்டாவுக்காக 10 இன்னிங்ஸ் ரன்னே குடுக்காம 1-0, அதைப் பாத்தவங்க மறக்கமாட்டாங்க. ஆனா கேரியர் ஈ.ஆர்.ஏ. 3.90, அடுத்த வருஷமே டொரோன்டோவுக்கு ப்ளேஆஃப்ல 3 தோல்வி ஒரு வெற்றியும் இல்ல. பத்திரிகைக்காரங்க 15 வருஷம் ஓட்டுப் போட்டும் சேக்கல, 2018ல தனி கமிட்டி வழியா உள்ள போனாரு. நான் சேத்திருக்க மாட்டேன். அந்த ராத்திரிக்கு அவருக்கு வேர்ல்டு சீரிஸ் எம்.வி.பி. குடுத்தாச்சு, அது சரியான மரியாதை.

மதுரை வாசகர்: ஏழாவது கேம், ஒரே ஒரு ஆளு. யார் கையில பால் குடுப்பீங்க?

கார்டினல்ஸ் பிட்சர் பாப் கிப்சன். வேர்ல்டு சீரிஸ்ல ஒம்பது ஸ்டார்ட், அதுல எட்டு முழு கேம், ஈ.ஆர்.ஏ. 1.89, 1964லயும் 1967லயும் ஏழாவது கேம் ஜெயிச்சுக் குடுத்தவரு. 1968 ஏழாவது கேம் தோத்தாரேன்னு கேப்பீங்க, தோத்தாரு, அப்பவும் ஒம்பது இன்னிங்ஸும் அவரேதான் போட்டாரு. கடைசி மூணு அவுட்டுக்கு மட்டும் ஆள் கேட்டீங்கன்னா நியூயார்க் யாங்கீஸ் ரிலீவர் மரியானோ ரிவேரா, ப்ளேஆஃப்ல 141 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 0.70, மொத்தமே ரெண்டு ஹோம் ரன். 2001 ஏழாவது கேமை அரிசோனாகிட்ட விட்டது அவருதான், அது தெரிஞ்சேதான் அவர் பேரைச் சொல்றேன்.